என் சாணால் அளந்த மலை

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டினீர்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். நமக்கெல்லாம் அறுபதைத் தாண்டியாகிவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு ஹெட்மாஸ்டருக்குப் பயப்படப் போகிறீர்கள்? அவர் போய்ச் சேர்ந்தே வெகுகாலம் ஆகிறது.

விஷயம் இதுதான். நம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் படிக்கும் என் பேத்தியையும் அவள் வகுப்புப் பிள்ளைகளையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், தண்ணீரை மொண்டு சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால்வரை சேறோடு அவள் இளிக்கிற படத்தைப் பெருமையாகக் குழுவில் போட்டேன். நம் வகுப்பு லீடர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், உடனே எழுதினார்: "இந்த வேலையெல்லாம் நம்ம காலத்துலயே ஒரு டிரெயினிங் டீச்சர் பண்ணிப் பார்த்தாங்க. நாசமாப் போச்சு. யாரோ ஒரு பொண்ணுக்கு டி.சி. குடுத்து அனுப்புனாங்க. புள்ளைங்கள உட்கார வச்சுப் படிக்க வைக்கிறதுதான் படிப்பு."

யாரோ ஒரு பொண்ணா? ஐயா லீடரே, அந்தப் பொண்ணு நான்தான். நாசமும் போகவில்லை, நட்டமும் ஆகவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வு பெற்று உங்கள் முன்னால்தான் இருக்கிறேன். உங்கள் அளவுக்குப் பென்ஷன் வராது, அவ்வளவுதான். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். தவறாக இருந்தால் குழுவிலேயே திருத்துங்கள்.

நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்து ஐப்பசி அது. விடாத மழை. ஈரச் சட்டை வாடையும் மைக்கூட்டு வாடையும் கலந்து வகுப்பே ஒரு மாதிரி புளித்துக் கிடக்கும். அதில் என் பங்குக்குக் கற்பூர வாடை வேறு. அப்பா சன்னதித் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். கற்பூரம் வந்த அட்டைப் பெட்டியில்தான் என் புத்தகங்கள் இருக்கும், அதனால் நான் கிட்டே வந்தாலே, "சாமி வருது, எழுந்திருங்க" என்று நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிண்டல் செய்வீர்கள்.

ஹெட்மாஸ்டர்தான் நமக்குக் கணக்கு. மறந்திருக்க மாட்டீர்கள். வாய்ப்பாட்டில் தடுமாறினால் ஒன்று, கணக்கில் விடை தப்பினால் இரண்டு. என் உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கும். "உன் மண்டையில இருக்கறது களிமண்ணுகூட இல்ல. களிமண்ணுன்னா பானையாவது செய்யலாம்" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், அழுகையை மறைக்க வேறு வழி தெரியாமல். காலாண்டில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். "முழுப் பரீட்சையிலும் இப்படித்தான்னா படிப்பு போதும். கடையில வந்து குந்து. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கடையில் குந்துவது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் எனக்குப் படிக்க ஆசை. கணக்கு வராத குறையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் நன்றாகத்தான் இருந்தேன். இந்த ஒன்றுக்காகப் படிப்பே போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கிடப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் டிரெயினிங் டீச்சர் வந்தார். ஆசிரியப் பயிற்சியில் ஒரு பருவம் வந்து பாடம் நடத்திக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அதற்காக அனுப்பியிருந்தார்கள். வெளியூர். இருபது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். நம்மை அடக்க அவருக்குத் தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க நாம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமா? கரும்பலகைப் பக்கம் திரும்பினால் சாக்பீஸ் பறக்கும். ஒரு நாள் கோணம் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பின்னாலிருந்து யாரோ பூனை மாதிரி கத்தியதும், டஸ்டரை மேசைமேல் வீசிவிட்டு, "எல்லாரும் எழுந்திருங்க. வெளிய போங்க" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது.

முட்டி போட வைப்பார் என்று நினைத்தோம். முற்றத்தில் வந்து நின்றவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே பார்த்தார். மழை விட்டிருந்தது. மதில் சுவருக்கு மேலே மலை முழுசாகத் தெரிந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

"இந்த மலை எவ்ளோ உயரம்?"

"சாமிக்கு ஏது டீச்சர் உயரம்?" என்றாள் என் பெஞ்சுக்காரி.

"புத்தகத்துல போட்டிருக்கும் டீச்சர்" என்றார் லீடர்.

"சரி, புத்தகத்துல போட்டவரு எப்படிக் கண்டுபிடிச்சாரு? உச்சியிலேர்ந்து கயிறு தொங்க விட்டாரா?"

பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறோம், அதைச் சுற்றி நடந்திருக்கிறோம், தீபத்தன்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வி நமக்கு வந்ததே இல்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நாமளே அளந்து பாத்துடலாமா?" என்றார். பூனை மாதிரி கத்தியவன்தான் முதலில் "அளக்கலாம் டீச்சர்" என்று குதித்தான்.

அடுத்த நாள் முதல் வகுப்பே மாறிப்போயிற்று. எங்கள் கடைக் கற்பூர அட்டையை அரைவட்டமாக வெட்டிக் கோணமானி செய்தோம். அதன் நேர் ஓரத்தில் ஒரு பப்பாளித் தண்டைக் கட்டினோம். நடுவிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் சைக்கிள் நட்டு. தண்டின் துவாரம் வழியாக உச்சியைப் பார்த்தால், நூல் நிற்கிற கோட்டிலிருந்து கோணம் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துத் தெரு மலையைப் பார்த்து நேராகப் போகிறதல்லவா, அதில் ஓரிடத்தில் நின்று ஒரு கோணம், மலையை நோக்கிக் கொஞ்ச தூரம் போய் இன்னொரு கோணம். நடுவில் உள்ள தூரத்தைக் கிணற்றுக் கயிற்றால் அளக்க வேண்டும். இந்த மூன்றையும் சின்னதாக்கித் தரையில் வரைந்தால் உச்சி எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து நிற்கும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. எத்தனை நாள் மேகம் வந்து மலையை மூடிக்கொண்டது, நினைவிருக்கிறதா? தண்டு வழியாகப் பார்த்தால் வெறும் வெள்ளை. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள், "இன்னா டீச்சரம்மா, சாமி இன்னும் எழுந்திருக்கலயா?" என்று கேலி செய்வார்கள்.

கயிற்றிலும் ஒரு வம்பு வந்தது. முதல் நாள் அளந்து முடித்துவிட்டோம். மறுநாள் சந்தேகத்துக்கு மறுபடி அளந்தால் கணக்கு ஜாஸ்தியாக வருகிறது. தெரு ஒரே இரவில் நீண்டுவிட்டதா என்ன? நான்தான் கயிற்றை வராந்தாத் தூணிலிருந்து தூணுக்குப் பிடித்துப் பார்த்தேன். நேற்று எட்டிய இடத்துக்கு இன்று எட்டவில்லை. மழையில் நனைந்து நார்க் கயிறு சுருங்கியிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் வாழ்க்கையில் கணக்கு வகுப்பில் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "அட ஆமாம்! எனக்குத் தோணவே இல்ல பாரு. அப்போ கயிறு காயட்டும், திரும்ப அளப்போம்" என்று சிரித்தார். தப்பு என்றால் அடி என்றே பழகிய என் கை தானாக நீண்டுவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். கயிற்றின் ஒரு முனையை அந்தக் கையில் வைத்தார்.

வரைகிற நாள் வந்தது. முற்றத்தில் வரைவதற்கு ஆபீசில் இருந்த பெரிய அளவுகோலைக் கேட்டோம். "உடைச்சிடுவீங்க" என்று ஹெட்மாஸ்டர் தர மறுத்துவிட்டார். "ஸ்கேல் இல்லன்னா போவட்டும். ஒரு கயிறு தூரத்துக்கு ஒரு சாண். ஆனா ஒரே ஆளோட சாணா இருக்கணும். ஆளுக்கு ஒரு சாண்னா மலை கோணிக்கும்" என்றார் டீச்சர். எல்லோரும் கையைத் தூக்கினீர்கள். நான் தூக்கவில்லை, நம்மை எங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று. டீச்சர் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்து, "இந்தக் கைதான் நமக்கு ஸ்கேல்" என்றார்.

பள்ளிக்கூடத்து ஆயா பெருக்கித் தண்ணீர் தெளித்த முற்றத்தில் நான் முட்டி போட்டு என் சாணால் அடிக்கோட்டை அளந்தேன். இரண்டு இடங்களில் ஆணி அடித்து நூல் கட்டினோம். அட்டையை வைத்துப் பார்த்து, நூல்களை அந்தந்தக் கோணத்துக்கு இழுத்துக்கொண்டே போனோம். இரண்டும் போய் மதில் சுவருக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டன. அவ்வளவுதான். அதுதான் உச்சி. நாம் யாரும் ஏறாமலே உச்சி வந்து நம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்குக் கணக்கு வந்துவிட்டது! களிமண்ணும் இல்லாத மண்டைக்குள் அது வந்துவிட்டது!

உச்சியிலிருந்து அடிவரை நேராக ஒரு கோடு போட்டு அளந்தால் உயரம். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்றார் டீச்சர். மீதி இருந்த கோலமாவையும் காவிப்பொடியையும் வீணாக்குவானேன் என்று நாங்கள் பெண் பிள்ளைகள் சேர்ந்து கோடுகளுக்கு நடுவே தூவி நிரப்பினோம். மலை மாதிரியே இருந்தது. இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு எவரும் செய்ய முடியாத தவறு அது. கார்த்திகை பிறந்துவிட்டது, தீபத்துக்குக் கொடியேறப் போகிறது, அந்த நேரத்தில் போய்த் தரையில் மலையை வரைந்து வைத்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்காவது உறைத்ததா?

சாயங்காலம் கதவு பூட்ட வந்த ஆயா அதைப் பார்த்திருக்கிறார். சும்மா போக மனசு வரவில்லை. ஓர் அகல் விளக்கை ஏற்றி உச்சியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நாம் போனபோது உச்சியில் விளக்கு, அடியில் சாமந்திப் பூ, ஓரத்தில் கற்பூரக் கரி, குங்குமம். தெருவிலிருந்து பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தாளாளரின் மனைவி பட்டுப்புடவையோடு வந்து மூன்று சுற்று சுற்றினார். ஹெட்மாஸ்டர் நாலு பக்கமும் பெஞ்சைப் போட்டு மறித்து, "ஒருத்தனும் உள்ள கால் வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். காலைப் பிரார்த்தனைக்கு நாம் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"சார், ஒரு கோடுதான் பாக்கி. புள்ளைங்க ரொம்ப ஆசையா..." என்று டீச்சர் கெஞ்சினார்.

"கோடு எங்கம்மா போடுவீங்க? மலைமேலதானே? சாமிய மிதிக்கச் சொல்றீங்களா? நீங்க படிச்ச ஊர்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

டீச்சர் முகம் சுண்டிப்போய் வந்தார். "பரவால்ல விடுங்கடா. எப்படின்னு தெரிஞ்சுகிட்டீங்கல்ல, அது போதும்" என்றார். உங்களுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. மறுநாள் தீபப் பாதுகாப்புக்கு வெளியூர்ப் போலீஸ் வந்துவிடும், வருஷா வருஷம் நம் பள்ளிக்கூடத்தில்தான் தங்குவார்கள், நமக்கு லீவு. மழை வேறு கருக்கட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கு விட்டால் அந்த உயரம் கடைசிவரை தெரியாது. அளந்து பார்க்காத கணக்கு எனக்கு வந்த கணக்கா, வராத கணக்கா?

சாப்பாட்டு மணி அடித்ததும் பெஞ்சைத் தாண்டி உள்ளே போனேன். லீடரே, அடியில் நூலைப் பிடித்தது யார்? நீங்கள்தான். "பிடி" என்றேன், பிடித்தீர்கள். நான் முட்டி போட்டு, நூலோடு ஒட்டி, சாண் சாணாக மேலே போனேன். உள்ளங்கையெல்லாம் மாவு. பாவாடையெல்லாம் காவி. ஈர மண்ணும் எண்ணெயும் சாமந்தியும் கலந்து ஒரு வாடை. வராந்தாவிலிருந்து யாரோ என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லோரும் எண்ணினீர்கள். ஞாபகம் இருக்கிறதா இல்லையா? கடைசிச் சாணுக்கு அகல் குறுக்கே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்து, அளந்து முடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தேன். நிமிர்ந்தால் ஹெட்மாஸ்டரின் வேட்டி.

கார்த்திகை வியாபார நேரத்தில் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு அப்பா ஓடி வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் தாளாளரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலை நம்பிப் பிழைக்கிற மனிதர், அவர் பெண் மலையை மிதித்தாள் என்று தெருவில் பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

லீடரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "டீச்சர்தான் சார் மிதிக்கச் சொன்னாங்க" என்றீர்கள். பன்னிரண்டு வயசு, எதிரே பிரம்பு. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வயசுக்கப்புறமும் டீச்சர்மேலேயே பழியைப் போட்டுக் குழுவில் எழுதினால் சும்மா விட மாட்டேன்.

"நீ சின்னப் பொண்ணு. டீச்சர் சொன்னதுனாலதான் செஞ்சேன்னு சொல்லிடு. உன்ன விட்டுடறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். ஓரமாக நின்ற டீச்சரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமாம்னு சொல்லுமா. நான் எப்படியும் போறவதானே. நீ இங்கியே படிக்கணும்."

"டீச்சர் வேணாம்னுதான் சொன்னாங்க. நானாத்தான் போனேன். என் சாண்லதான் கணக்கு, வேற யாரும் அளக்க முடியாது" என்றேன்.

"எவ்ளோ திமிரு பாத்தீங்களா? அடிமுடி காணாத மலைடி அது! பிரம்மாவே தேடிப் பாத்துட்டுச் சாபம் வாங்கினாரு!"

வருஷா வருஷம் தீபத்துக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் அடிமுடிக் கதையைக் கடை வாசலில் கேட்டு வளர்ந்தவளிடமே இப்படிச் சொன்னால்? "தேடுனதுக்கா சார் சாபம்? சாமியோட முடியப் பாத்துட்டேன்னு பொய் சொன்னதுக்குத்தானே? தாழம்பூ பொய்ச் சாட்சி சொல்லுச்சு, அதனாலதான் எங்க கடையில அத வாங்கறதே இல்ல. என்னையும் அதே மாதிரி சொல்லச் சொல்றீங்களே?"

தாளாளரின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டருக்கு முகம் சிவந்தது. பூகோளப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சரி, என்னா வந்துச்சு உன் கணக்கு?" சாணுக்கு ஒரு கயிறு என்று பெருக்கிச் சொன்னேன். "ஹா! புத்தகத்துல இருக்கறது இது. எவ்ளோ கம்மி பாரு! கணக்கும் தப்பு, செஞ்சதும் தப்பு."

"சார், புத்தகத்துல இருக்கறது கடல்..." என்று டீச்சர் வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்கம்மா!"

"தப்பா இருந்தா மறுபடியும் அளக்கறேன் சார்" என்றேன். நாளைக்கு வந்து டி.சி. வாங்கிட்டுப் போங்க என்றார் ஹெட்மாஸ்டர் அப்பாவிடம்.

என் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அந்தக் 'கடல்' எனக்குப் புரிந்தது. புத்தகத்தில் போட்டிருக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து. நாம் அளந்தது நம் முற்றத்திலிருந்து. நம் ஊரே கடலுக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் இருக்கிறதே, அந்த அளவு குறைந்துதானே வரும்? நார்க் கயிறும் பப்பாளித் தண்டும் ஒரு சிறுமியின் சாணும் வைத்துக்கொண்டு நாம் நெருங்கித்தான் போயிருந்தோம். அது தெரிந்த ஒரே ஆளை அந்த அறையில் பேச விடவில்லை. அந்த வாரமே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே இருக்கிறாரோ, பயிற்சியில் பாஸ் போட்டார்களோ இல்லையோ. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அன்று ராத்திரி அம்மா, "ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று அழுதார். அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அதுதான் ஜாஸ்தி பயமாக இருந்தது. படிப்பு முடிந்துவிட்டது, நாளையிலிருந்து கடைதான் என்று நானே முடிவு செய்துகொண்டு கற்பூர அட்டையிலிருந்த புத்தகங்களை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்கப் போனார். போலீஸ் வந்திறங்கிவிட்டது. முற்றத்தில் பெஞ்சுகளை எல்லாம் இழுத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நம் மலையின் வயிற்றில் மூன்று அடுப்பு. உச்சி இருந்த இடத்தில் ஒரு பெரிய அண்டா. பூட்ஸ் போட்ட ஒருவர் அதன் பக்கத்தில் நின்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார். அகல் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. ஹெட்மாஸ்டர் இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இடம் பத்துதுங்களா சார்?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நின்றுவிட்டார். அந்த பூட்ஸையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

தேரடி வீதியில் தேருக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நான் அவர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. சட்டென்று நின்று மலையை அண்ணாந்து பார்த்தார்.

"எவ்ளோ வந்துச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. "இன்னாப்பா?"

"மலைதான். அளந்தியே, எவ்ளோ வந்துச்சு?"

"அரை மைல்கூட வரலப்பா."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. அவர் வாழ்நாள் முழுக்கக் கும்பிட்ட மலை. "அவ்ளோதானா? கம்மியா இருக்கே" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். "உன் கணக்குல எங்கியோ தப்பு இருக்கும். நம்ம மாடியில வரைய இடம் பத்துமா?"

"பத்தாதுப்பா. ரெண்டு கயிறுக்கு ஒரு சாண்னு வச்சா பத்தும்."

திரும்பி என்னைப் பார்த்தார். களிமண் மண்டைக்காரி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் பாராட்டவில்லை. "தீபம் முடியட்டும். பொண்ணுங்க ஸ்கூல்ல சேத்துவுடறேன். அங்கியாவது ஒழுங்கா வாய வச்சுகினு இரு" என்றார்.

அன்று மத்தியானம், வருஷத்திலேயே வியாபாரம் அதிகமான நாட்களில் ஒன்றில், அப்பா கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார். "சாமி குத்தம் ஆயிடப் போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா கோலமாவு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மொட்டை மாடியில் நான் தெருவில் எடுத்த அதே கோணங்களுக்கு நூல் இழுத்தேன். இரண்டு நூலும் தொட்டன. உச்சியில் போய் நூலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா செருப்பை விட்டார். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நான் போட்ட மலைக்குள் கால் வைத்து உச்சிவரை நடந்து போய், நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ம், அள" என்றார்.